ஒரு ஸ்பூனில் முக்கால் ஏக்கர்

அரசப்பனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஆலைக்குப் பின்னால் குவிந்து கிடக்கும் கரிச்சாம்பல் மேட்டை யாராவது அள்ளிக்கொண்டு போக வேண்டும். இத்தனை சின்ன ஆசைக்கு இத்தனை பெரிய அலுவலகம் வந்து இறங்கும் என்று தெரிந்திருந்தால் மனிதர் நெல் அவிக்கும் தொழிலுக்கே வந்திருக்க மாட்டார். பேசாமல் சலூன் வைத்திருப்பார். வெட்டிய முடியைக் கேட்டு எந்த மையமும் இதுவரைக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

ஊர் அம்மையப்பநல்லூர். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் தாண்டிப் போகிற வழியில், வெண்ணாற்றுக்கு இந்தக் கரை. அரசப்பனின் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர்கள், கதிர்க்கட்டு சுமந்தவர்கள். அரசப்பன் ஆலையில் மூட்டை தூக்கப் போனார். பிறகு பாய்லர் பார்த்தார். ஆலைக்காரர் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டுக்குப் போய், ஆலையைச் சீந்த ஆளில்லாமல் கிடந்தபோது கையைக் காலைப் பிடித்து அதை வாங்கியும் விட்டார்.

நெல்லை அவிக்க நீராவி வேண்டும், நீராவிக்கு பாய்லர் வேண்டும், பாய்லருக்கு உமி வேண்டும். உமி எரிந்தும் எரியாமலும் மிச்சமாவது கரிச்சாம்பல். அது பின்பக்கம் வளர்ந்துகொண்டே போனது. காற்றடித்தால் நேராகக் கீழத்தெருவில் போய் இறங்கும். கீழத்தெருவில் முதல் வீடு நீலாம்பாளுடையது. கொடியில் காயும் துணி, மூடாத மாவுப் பாத்திரம், தின்பண்டத் தட்டு எல்லாவற்றிலும் சாம்பல். அந்தம்மா வளர்த்த வெள்ளைப் பசு கறுப்பாகிவிட்டது. மாட்டு இன்சூரன்சுக்கு வந்தவர், படத்தில் இருப்பது வெள்ளை மாடு, கட்டியிருப்பது கறுப்பு மாடு என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார். நீலாம்பாள் அந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து ஆலை வாசலிலேயே கட்டிவிட்டு, வெள்ளையாக்கித் திருப்பித் தரும்படி அரசப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார். அரசப்பன் கழுவிக் கொடுத்தார்.

மாவட்டத் தூய்மை அலுவலகத்திலிருந்தும் ஆணை வந்தது. பொங்கல் கழிந்து சம்பா நெல் ஆலைக்கு வருவதற்குள் மேடு காலியாக வேண்டும். ஆகாவிட்டால் ஆலைக்கு மின்சாரம் நிறுத்தப்படும். சம்பா நெல் வரும் நேரத்தில் ஆலை ஓடவில்லை என்றால் அரசப்பன் கதை முடிந்தது. கீழத்தெருவில் பாதி வீடுகளின் அடுப்பும் அந்த ஆலையை நம்பித்தான் எரிகிறது.

நல்லவேளையாக உபைதுல்லா இருந்தார். கொள்ளிடக் கரையில் செங்கல் சூளை வைத்திருப்பவர். மண்ணோடு கரிச்சாம்பலைக் கலந்து அறுத்தால் கல் நன்றாக வேகும் என்று சொல்லி, முழு மேட்டையும் தானே எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தார். வியாழக்கிழமை டிராக்டர் வருவதாகப் பேச்சு. புதன்கிழமை மையம் வந்துவிட்டது.

மையம் என்றால் கரியமிலவாயுக் கைப்பற்று உயர் மையம். உலகத்தின் காற்றில் கரியமில வாயு கூடிப்போய்ச் சூடு ஏறுகிறதாம். அதைப் பிடித்து அடைப்பதற்காக ஏற்பட்ட அலுவலகம் இது. வெள்ளைக் கார்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் காரிலிருந்து இயக்குநர் முனைவர் வளவன் இறங்கினார். அடுத்தடுத்த கார்களிலிருந்து கூடுதல் இயக்குநர், இணை இயக்குநர், துணை இயக்குநர், துணைக்குத் துணை இயக்குநர் என்று இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கடைசிக் காரில், ஜன்னலோரம் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து வந்த பெண் ஹுமைரா. மையத்தில் விஞ்ஞானி அவர் ஒருவர்தான். மற்றவர்கள் அவரை மேற்பார்வை பார்க்கிறவர்கள்.

இந்த ஹுமைராதான் சில மாதங்களுக்கு முன் அரசப்பனிடம் கேட்டு ஒரு பை கரிச்சாம்பல் வாங்கிப் போயிருந்தார். அதைக் கார ரசாயனத்தில் கலந்து அடுப்பில் சுட்டு, கழுவி, ஒரு ஸ்பூன் கறுப்புத் தூள் தயாரித்திருந்தார். அந்த ஒரு ஸ்பூன்தான் இத்தனை கார்களையும் இழுத்துக்கொண்டு வந்தது.

இயக்குநர் மேட்டின் முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அரசப்பன், இது சாம்பல் இல்லைங்க, நாட்டோட சொத்து. இத்தன நாளா உங்ககிட்ட சும்மா கிடந்துச்சு. இனிமே எங்ககிட்ட கிடக்கும்," என்றார்.

கூடவந்தவர்கள் கைதட்டினார்கள். அரசப்பனும் தட்டினார். எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்பதுதான் காரணம். எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று அவர் கேட்டதற்கு, எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, இது கைப்பற்று மையம், அப்புறப்படுத்தும் மையம் அல்ல என்று பதில் வந்தது. அங்கேயே ஒரு பலகையும் நட்டார்கள். மைய அதிகாரிகள் தவிர வேறு எவரும் இந்த மேட்டைத் தொடக் கூடாது, தொட்டால் வழக்கு. மறுநாள் டிராக்டரோடு வந்த உபைதுல்லா பலகையைப் படித்தார். ஒரு டீ குடித்தார். எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பினார்.

அரசப்பனுக்கு விஷயம் புரியவில்லை. அந்தத் தூளில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஹுமைராவிடம் கேட்டார். ஹுமைரா ஒரு கண்ணாடிக் குப்பியைக் காட்டினார்.

"ஓட்டைதாங்க இருக்கு. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. கரியமில வாயு வந்து அதுக்குள்ள ஒட்டிக்கும். சூடு பண்ணா வெளியில வந்துடும், திரும்பவும் புடிக்கலாம். இந்த ஒரு ஸ்பூன் தூளோட உள்பக்கத்தையெல்லாம் விரிச்சுப் போட்டா முக்கா ஏக்கர் வரும்."

பெரிய அடுப்பு ஒன்று வாங்கித் தந்தால் ஆலைப் புகைபோக்கியிலேயே இதை வைத்துக் காட்டுவேன் என்றும் அவர் சொன்னார். அடுப்புக்குக் கேட்டு எழுதியிருக்கிறாராம். துணைக்குத் துணை இயக்குநர் வரைக்கும் போயிருக்கிறதாம். அரசப்பன் அடுப்பைக் காதில் வாங்கவில்லை. முக்கால் ஏக்கரிலேயே நின்றுவிட்டார். டெல்டாக்காரன் எவனும் அங்கேதான் நிற்பான்.

"நஞ்சையாம்மா, புஞ்சையா?" என்று கேட்டார்.

வேடிக்கைக்காகக் கேட்டார். ஹுமைரா சிரித்தார். நட்ட பலகையைப் பார்வையிட வந்திருந்த கிராம நிர்வாக அலுவலர் சிரிக்கவில்லை. நிலம் என்று காதில் விழுந்தால் மேலே தெரிவிக்க வேண்டியது அவர் கடமை. தெரிவித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நான் கயிறு திரிப்பதாக நினைப்பீர்கள். தாலுகா அலுவலகத்திலிருந்து அரசப்பனுக்கு அழைப்பு வந்தது. தாசில்தார் தங்கமான மனிதர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். ஒரு ஸ்பூனுக்கு முக்கால் ஏக்கர் என்றால் அந்த மேடு முழுவதும் எவ்வளவு வரும் என்று அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததாகவும், தாலுகா பத்தவில்லை, ஜில்லாவும் பத்தவில்லை, கடலுக்குள் போக வேண்டியிருந்ததால் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார்.

"ஒரு தனி ஆளு இவ்வளவு நிலம் வெச்சிருக்கக் கூடாதுங்க. நில உச்சவரம்புன்னு ஒரு சட்டம் இருக்கு. உபரிய நீங்களாவே ஒப்படைச்சுட்டா மரியாதையாப் போயிடும்."

அரசப்பன் அப்பாவுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. வரப்பில் நின்றுகூடச் சாப்பிட விடமாட்டார்கள், வாய்க்கால் கரைக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டும். அவருடைய பிள்ளை மேல் உச்சவரம்புக்கு மேல் நிலம் வைத்திருந்த குற்றம். பஸ்ஸில் திரும்பி வரும்போது அரசப்பனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா இருந்திருந்தால் இரண்டு நாள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பார் என்று தோன்றியது.

சர்வேயர் சங்கிலியோடு வந்தார். ஸ்பூன் மேசை மேல் வைக்கப்பட்டது. நான்கெல்லை எழுத வேண்டுமே என்று சுற்றிச் சுற்றி வந்து, கிழக்கே ஸ்பூனின் கைப்பிடி, மேற்கே மேசை விளிம்பு, வடக்கே டீ டம்ளர் என்று எழுதிக்கொண்டார். தெற்கே எதுவும் இல்லாததால் அரசப்பனைப் போய் நிற்கச் சொன்னார். இடம் கறுப்பாக இருப்பதால் கரிசல் என்று பதிந்தார். அளக்கிற நேரம் பார்த்து மின்விசிறி சுழன்றதில் கொஞ்சம் தூள் பறந்துவிட்டது. அரை ஏக்கர் வெள்ளத்தில் போனதாகப் பதிவானது. நிவாரணத்துக்கு மனுக் கொடுத்தால் கிடைக்க வாய்ப்பிருக்கிறது என்று அவரே யோசனையும் சொன்னார். ஹுமைரா தன் பங்குக்கு, அது உள்பரப்பு, அதில் நடக்க முடியாது, நட முடியாது என்று விளக்கினார். டெல்டாவில் பாதி நிலம் இப்போது அப்படித்தான் கிடக்கிறது என்றார் சர்வேயர்.

இதற்குள் மையத்துக்குக் கட்டடம் வேண்டியிருந்தது. கைப்பற்றும் பணியை அவர்கள் அரசப்பனின் நெல் கிட்டங்கியிலிருந்து தொடங்கினார்கள். கிட்டங்கி சாலைக்கும் சாம்பல் மேட்டுக்கும் நடுவில் நின்றது. இரண்டு பக்கமும் இருந்த வண்டிப் பாதையைப் பாதுகாப்புக் கருதி மதில் வைத்து அடைத்தார்கள். இனி யார் மேட்டுக்குப் போவதானாலும் கிட்டங்கிக்குள் நுழைந்து, பின்கதவு வழியாகத்தான் போக வேண்டும். கிட்டங்கிக்கு "பிடிப்புக் கூடம்" என்று பெயர் வைத்தார்கள்.

திறப்பு விழா நடந்தது. கரியமில வாயுவை ஒழிக்கப் போகிற கூடத்தில் விடியற்காலையிலேயே கணபதி ஹோமம். சமித்துக் குச்சியும் நெய்யுமாகப் போட்டதில் புகை கிளம்பி, ஐயர் எங்கே இருக்கிறார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. வாசலில் பத்தாயிரம் வாலா. மின்சாரம் போய்விட்டதால் டீசல் ஜெனரேட்டர். சாம்பிராணி தனி. நடுக்கூடத்தில் வானளாவ ஓர் இரும்புத் தூண் நின்றது, அதுதான் கைப்பற்றும் இயந்திரம். அதற்குள் மலைமலையாகத் தூளைக் கொட்ட வேண்டும். அடுப்பு இன்னும் வராததால் ஹுமைராவின் ஸ்பூனில் மிச்சமிருந்த கால் ஏக்கரைத் தட்டிப் போட்டார்கள்.

இயக்குநர் பேசினார்.

"நாங்க இதுவரைக்கும் ஒரு குண்டுமணி வாயுவக்கூடப் புடிக்கலன்னு சில பேர் குறை சொல்றாங்க. உண்மைதான். ஆனா புடிக்கறதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய ஆயத்தப் பணி எல்லாத்தையும் முடிச்சிட்டோம். கார் வாங்கிட்டோம். கட்டடம் வந்தாச்சு. பதவி உயர்வும் குடுத்தாச்சு. இனிமே வாயு வர வேண்டியதுதான் பாக்கி."

தூணுக்குப் பக்கத்தில் கடிகாரம் மாதிரி ஒரு பெரிய வட்டம் மாட்டியிருந்தார்கள். கூடத்துக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருக்கிறது என்று அதன் முள் காட்டும். திறப்பு விழா அன்று முள் துள்ளி ஏறியது. அதிகாரிகள் மகிழ்ந்து போனார்கள். தூண் எவ்வளவு பிடித்தது என்று பார்க்க வேண்டிய இடத்தில், காற்றில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோமே என்று ஹுமைரா கேட்டார். அவரை உட்காரச் சொன்னார்கள்.

விழா முடிந்த மறுநாள் முள் படுத்துவிட்டது. சுற்றிலும் பச்சை வயல், ஆற்றங்கரைக் காற்று. டெல்டாவின் காற்று திட்டத்துக்கு ஒத்துழைக்கவில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார்கள். தை மாதம் டெல்லியிலிருந்து ஒரு குழு பார்வையிட வருவதாகப் பதில் வந்தது. அதற்குள் முள்ளை நிமிர்த்தியாக வேண்டும்.

ஜன்னல்களைச் சாத்தினார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள். இயக்குநர் பேசும்போது முள் லேசாக அசைந்தது, கேட்பவர்கள் தூங்கியதும் இறங்கிவிட்டது. பேச்சை மட்டும் நம்பிப் பயனில்லை, மூச்சுக்கு ஆள் வேண்டும் என்று துணை இயக்குநர்களில் ஒருவர் கண்டுபிடித்தார். அவருக்கு அன்றைக்கே பதவி உயர்வு கிடைத்தது.

இப்படித்தான் கீழத்தெருப் பெண்களுக்கு மூச்சு விடும் வேலை வந்தது. நடவு இயந்திரம் வந்த பிறகு அவர்களில் பலருக்கு வேலை குறைந்து போயிருந்தது, போனார்கள். காலையில் வந்து கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். மூச்சு விட வேண்டும். சாயங்காலம் போகலாம். மேற்பார்வைக்குத் தங்கமணி என்று ஓர் அதிகாரி. நெற்றியில் சந்தனம் வைத்த, பயந்த சுபாவமுள்ள மனிதர். வரிசை வரிசையாகப் போய்க் காது கொடுத்துக் கேட்பார். யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால், கையை எடுங்கம்மா, வாயு வீணாகிறது என்பார். மதியம் சாப்பிட்டதும் தூக்கம் வந்து மூச்சு மெதுவாகிவிட்டதால் கும்மி அடிக்கச் சொன்னார்கள். கும்மிக்கு முள் நன்றாக ஏறியது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இரண்டு ஆளாகக் கணக்கு வைக்க வேண்டும் என்று கேட்டதற்கு, உள்ளே இருப்பவர் இன்னும் நேரடியாக மூச்சு விடவில்லையே என்று தங்கமணி மேலிடத்தில் விளக்கம் கேட்டிருந்தார். விளக்கம் வருவதற்குள் பிரசவம் ஆகிவிட்டது.

நீலாம்பாளும் அந்த வரிசையில்தான் இருந்தார். வேலை எப்படி என்று நான் கேட்டேன். இத்தனை வருஷமாகச் சும்மா விட்டு வீணாக்கிவிட்டோமே என்றுதான் வருத்தமாக இருக்கிறது என்றார்.

அரசப்பனுக்கு மட்டும் மூச்சு முட்டியது. பொங்கல் கழிந்தது. வயலெல்லாம் கதிர் சாய்ந்தது. அறுவடை இயந்திரங்கள் சாலையில் வர ஆரம்பித்தன. மேடு அப்படியே இருந்தது. தூய்மை அலுவலகத்துக்கு ஓடினார். மேடு இருந்தால் மின்சாரத்தை நிறுத்துவோம் என்றார்கள், நாளும் குறித்தார்கள். மையத்துக்கு ஓடினார். மேட்டில் கை வைத்தால் உள்ளே தள்ளுவோம் என்றார்கள். நீங்கள் இருவரும் ஒரு தடவை பேசிக்கொள்ளக் கூடாதா என்று இரண்டு இடத்திலும் கெஞ்சிப் பார்த்தார். இரண்டு அலுவலகமும் பேசிக்கொள்ள விதியில் இடமில்லை, வேண்டுமானால் இருவரும் தனித்தனியாக உங்களோடு பேசுகிறோம் என்றார்கள். பேசினார்கள். அவர் ஓடின ஓட்டத்துக்குக் காவிரியை மேட்டூரிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கலாம்.

டெல்லிக் குழு வருகிற நாளுக்கு மறுநாள் மின்சாரம் நிறுத்துவதாக ஏற்பாடு. அரசப்பன் குழு வருவதற்கு முந்தின நாளே ஆலை ஆட்களைக் கூப்பிட்டு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நீலாம்பாளின் இரண்டு மகன்களும் உண்டு.

குழு வருகிற நாள். மஞ்சள், சிவப்புத் துணி கட்டி, வாழைமரம் நட்டு, கூடத்தை மூடி வைத்திருந்தார்கள். பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முள் மெல்ல ஏறத் தொடங்கியது. நீலாம்பாள் எழுந்தார், முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே நடந்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லாப் பெண்களும் எழுந்து போய்ச் சாலையோரப் புங்கமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். முள் இறங்கியது. தங்கமணி அலறி அடித்துக்கொண்டு போய் இயக்குநரை அழைத்து வந்தார்.

"என்னம்மா, மூச்சு விட வேண்டாமா?" என்றார் இயக்குநர்.

"விட்டுக்கிட்டுதான் சார் இருக்கோம். வெளியில விடுறோம்."

"உள்ள வந்து விடுங்கம்மா. டெல்லிக்காரங்க வந்துகிட்டிருக்காங்க."

"சாம்பல் கிளம்பட்டும், வர்றோம். இந்த அரசப்பன் மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்கு, என் மாட்டுக்கே சாயம் பூசுன ஆளு. ஆனா நாளைக்கு ஆலைக்குக் கரண்ட நிறுத்துனா என் புள்ளைங்க எங்க போவும்? அறுத்த நெல்ல எங்க கொண்டாந்து கொட்டறது, உங்க ஆபீஸ்லயா?"

இயக்குநர் ஒரு குழு அமைப்பதாகச் சொன்னார். நீலாம்பாள் மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஆய்வு செய்து பரிந்துரைப்பதாகச் சொன்னார். பெண்கள் வெற்றிலைப் பையை எடுத்தார்கள். கூடத்துக்குள்ளிருந்து ஒருவர் ஓடிவந்து முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய்விட்டதாகச் சொன்னார். அப்போது டெல்லிக் குழுவோடு வந்த ஆள் போனில் கூப்பிட்டார். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார்களாம். அந்த கேட்டைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கல்யாணத்தையே முடித்துவிட்டு வரலாம். இயக்குநருக்கு உயிர் வந்தது. உபைதுல்லாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

உபைதுல்லா சொன்ன சொல் மாறாமல் டிராக்டர்களோடு வந்து சாலையில் நிறுத்தினார். ஆலை ஆட்கள் மண்வெட்டி, கூடையோடு தயாராக நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தங்கமணி பலகையைச் சுட்டிக்காட்டினார். மைய அதிகாரிகள் தவிர எவரும் தொடக் கூடாது. கையெழுத்து, முனைவர் வளவன். அதை ரத்து செய்யலாமே என்று அரசப்பன் பணிவாகக் கேட்டார். ரத்து செய்வதற்கு மூன்று இயக்குநர்களின் ஒப்புதல் வேண்டும், கூட்டத்தைக் கூட்ட பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று தெரிந்தது. அந்த விதியையும் வளவன்தான் போட்டிருந்தார்.

புங்கமரத்தடியிலிருந்து வெற்றிலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. இயக்குநர் மெதுவாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை மடித்துவிட்டார். ஆலை ஆள் ஒருவரிடமிருந்து கூடையை வாங்கினார். அவர் வாங்கியதைப் பார்த்துக் கூடுதல் இயக்குநர் வாங்கினார். கீழ்நோக்கி வரிசையாக எல்லோரும் வாங்க வேண்டியதாயிற்று. கூடை பற்றாமல் சிலர் விழாவுக்கு வைத்திருந்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மேட்டிலிருந்து அள்ளி, பின்கதவு வழியே கூடத்துக்குள் நுழைந்து, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஓடி, வாசலில் டிராக்டரில் கொட்ட வேண்டும். மதிலைக் கட்டாமல் இருந்திருந்தால் பக்கத்துப் பாதையிலேயே முடிந்திருக்கும். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வேலை செய்து பழகாத உடம்புகள். இரண்டாவது நடைக்கே துணை இயக்குநர்கள் புஸ் புஸ் என்று இரைத்தார்கள். கூடுதல் இயக்குநர் நாக்கைத் தள்ளிக்கொண்டு நடந்தார். வெள்ளைச் சட்டைகள் கறுத்தன, முகங்கள் கறுத்தன, கொஞ்ச நேரத்தில் யார் யார் என்றே அடையாளம் தெரியவில்லை. எல்லா மூச்சும் கூடத்துக்குள்தான்.

வட்டத்தில் முள் ஏறத் தொடங்கியது. கும்மிக்கு ஏறிய இடத்தைத் தாண்டியது. திறப்பு விழா ஹோமத்தைத் தாண்டியது. சிவப்புக்குப் போய், சிவப்பும் முடிந்து, அதற்கு மேல் போக இடமில்லாமல் முட்டிக்கொண்டு துடித்தது. அதே நேரத்தில் டெல்லிக் குழு உள்ளே நுழைந்தது.

குழுத் தலைவர் கழுத்தில் மஃப்ளர் சுற்றிய பெரியவர். பல மாநிலங்களில் பல மையங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். முள்ளைப் பார்த்தார். பிறகு கறுத்து, வியர்த்து, இரைத்துக்கொண்டு ஓடும் மனிதர்களைப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்ல அங்கே சட்டை வெள்ளையாக இருந்தவர் ஹுமைரா ஒருவர்தான். இவர்கள் யார் என்று கேட்டார். மையத்தின் ஊழியர்கள் என்றார் ஹுமைரா. இயக்குநர் எங்கே என்று கேட்டார். வேலையாக இருக்கிறார் என்றார் ஹுமைரா. இரண்டும் உண்மைதான். அந்த நேரம் தலைவரைக் கடந்து ஒரு கூடையோடு இயக்குநர் போனார். சொல்லவும் முடியவில்லை, மெல்லவும் முடியவில்லை, மூச்சுதான் வந்தது.

தலைவர் நெகிழ்ந்து போனார். தமக்குப் பின்னால் நின்றவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார், ஹுமைரா ஊராருக்குத் தமிழில் சொன்னார். இந்தத் துறையில் தாம் வந்த நாளிலிருந்து ஒரு மையத்தில் ஊழியர்கள் வேலை செய்து பார்ப்பது இதுவே முதல் தடவை என்றாராம். மற்ற இடங்களில் இயந்திரம் இருக்கிறது, முள் அசைவதில்லை. இங்கே மனிதர்கள் அசைகிறார்கள், முள்ளும் அசைகிறது. ஆகவே இந்த முறையை மாற்றக் கூடாது. தினமும் நடக்க வேண்டும். இதே ஆட்கள்தான் செய்ய வேண்டும், ஒருவரையும் இடம் மாற்றக் கூடாது. வேறு என்ன வேண்டும் என்று கேட்டாராம். ஹுமைரா அடுப்பு கேட்டார். அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் மின்சாரத்தை நிறுத்த வந்த தூய்மை அலுவலகத்து ஆள், உயர் அதிகாரிகள் கூடை சுமப்பதைப் பார்த்ததும் எந்தக் காலத்திலும் பார்த்திராத ஒன்றைப் பார்த்தவர் போல நின்றார். நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்று எழுதிக்கொண்டு கம்பத்தில் ஏறாமலே போய்விட்டார். ஆலை ஓடியது. சம்பா நெல் வந்து குவிந்தது. நிலம் கைமாறிவிட்டதால் உச்சவரம்பு விசாரணைக்கு இப்போது உபைதுல்லாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் ஒரு செங்கல்லை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், அளந்துகொள்ளட்டும் என்று. நீலாம்பாளின் மாடு வெள்ளையாக இருக்கிறது.

பாய்லர் தினமும் எரிகிறது, சாம்பலும் தினமும் விழுகிறது. காலையில் கார்கள் வந்து நிற்கும். அதிகாரிகள் இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, வரிசையில் நிற்பார்கள். கீழத்தெருப் பெண்கள் வெளியே உட்கார்ந்து அன்றைய வேலையைப் பார்ப்பார்கள். மேற்பார்வை என்று அவர்களுக்கு ஒரு பதவி கொடுக்கலாமா என்று யோசனை போய்க்கொண்டிருக்கிறது.

போன வாரம் நான் ஆலைப் பக்கம் போயிருந்தேன். இயக்குநர் கூடையை வெறும் தலையில் ஏற்றிக்கொண்டு, கழுத்து ஒரு பக்கம் சாய, தள்ளாடி வந்தார். அரசப்பன் ஓடிப்போய்க் கூடையைப் பிடித்து இறக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, வட்டமாகச் சுற்றினார்.

"சார், சும்மாடு இல்லாம தூக்காதீங்க. கழுத்து நரம்பு போயிடும். எங்க அப்பாவுக்கு அப்படித்தான் ஆச்சு," என்றார்.

இயக்குநர் தலையைக் குனிந்து காட்டினார்.